விண்டோ திறக்கிறது, படம் மட்டும் வரவில்லையா?

பொங்கல் விடுமுறைக்கு கள்ளக்குறிச்சி வந்திருந்தபோது ஒரு போன் வந்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அருகே உள்ள ஒரு கிராமத்தில் இருந்து என் கல்லூரி நண்பனின் தம்பி பேசினான்.

"அண்ணா, கம்ப்யூட்டர்ல பூமி வரமாட்டேங்குது."

"எந்த பூமிடா?"

"கூகுள் எர்த் ப்ரோ போட்டேன்ணா. மெனு வருது, பட்டன் எல்லாம் வருது. நடுவுல பூமி உருண்டை வரணும் இல்ல, அந்த இடம் மட்டும் ஒரே கறுப்பு. கடையில கேட்டா கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு, புதுசு போட 4,500 ரூபா ஆகும்னு சொல்றாங்க. இல்லன்னா ஃபார்மட் அடிச்சுப் பாக்கலாம்னு சொல்றாங்க."

அவன் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. டவுனில் ஒரு கடையில் வாங்கிய பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர், விண்டோஸ் 10 போட்டது. அவனுக்கு பூமி தேவைப்பட்டது விளையாட்டுக்கு அல்ல. 2006-ல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் இருந்து பயிர் செய்து வரும் பழங்குடியினர் அந்த நிலத்துக்கு உரிமை கோரலாம். 2012-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி செயற்கைக்கோள் படத்தை மற்ற சான்றுகளுக்குத் துணையாக வைக்கலாம், அவற்றுக்குப் பதிலாக வைக்க முடியாது. கூகுள் எர்த் ப்ரோவில் கடிகாரப் படம் போட்ட பட்டனைத் தட்டினால் ஒரு இடத்தின் பழைய ஆண்டுகளின் படங்களைப் பார்க்கலாம். அப்பா சாமையும் மரவள்ளியும் போடும் நிலத்தின் பழைய படத்தை பிரிண்ட் எடுத்து கிராமத்தின் வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்பது அவன் திட்டம். குழு கூட ஐந்து நாள்தான் இருந்தது.

"கார்டும் வாங்காதே, ஃபார்மட்டும் செய்யாதே. நான் வர்றேன்" என்றேன். அன்று நாங்கள் செய்த சோதனைகளையும், நாம் வழக்கமாகச் சந்திக்கும் மற்ற சில காரணங்களையும் இங்கே வரிசையாகத் தருகிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமின் விண்டோ திறந்து, உள்ளே வர வேண்டிய படம் மட்டும் வராமல் போனால் இதே வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் செலவே இல்லாமல் சரியாகிவிடும்.

படம் எந்த வழியாக வருகிறது?

மெனு, பட்டன், எழுத்து ஆகியவற்றை வரைவது சுலபமான வேலை. விண்டோஸ் அதை எந்த கம்ப்யூட்டரிலும் செய்துவிடும். முப்பரிமாணப் படம், வீடியோ, விளையாட்டு ஆகியவை அப்படி அல்ல. அவற்றை வரையும் வேலையை புரோகிராம் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கிறது. இரண்டுக்கும் பொதுவான மொழி ஒன்று வேண்டும். 1992-ல் வந்த ஓப்பன்ஜிஎல், 1995-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்த டைரக்ட்எக்ஸ் ஆகிய இரண்டும்தான் விண்டோஸில் அதிகம் பயன்படும் மொழிகள். இந்த மொழியில் வரும் கட்டளையை சிப்புக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது டிரைவர் என்னும் சிறிய சாஃப்ட்வேர்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி கோமுகி அணையைக் கடந்து மலை ஏறும் பஸ்ஸை நினைத்துக் கொள்ளுங்கள். எந்த டிரைவரும் அந்த பஸ்ஸை ஸ்டாண்டிலிருந்து வெளியே எடுத்துவிடுவார். ஆனால் வளைவுகளில் ஏற்ற மலைப்பாதை பழகிய டிரைவர்தான் வேண்டும். கிராபிக்ஸ் டிரைவரும் அப்படித்தான். விண்டோஸுடன் வரும் பொது டிரைவர் திரையில் எழுத்தையும் ஐகானையும் காட்டிவிடும். பூமி உருண்டையைச் சுற்றிக் காட்டச் சொன்னால் நின்றுவிடும். கம்ப்யூட்டர் நன்றாக இருப்பது போலத் தெரிந்து, ஒரு விண்டோவில் மட்டும் கறுப்பு வருவதற்கு இதுவே முக்கிய காரணம்.

முதலில் மூன்று கேள்விகள்

எதையும் தொடுவதற்கு முன் இந்த மூன்றுக்கும் பதில் எழுதி வையுங்கள்.

1. திரை முழுவதும் கறுப்பா, ஒரு விண்டோவின் உட்பகுதி மட்டும் கறுப்பா? திரை முழுவதும் கறுப்பு என்றால் மானிட்டர், கேபிள், மெமரி என்று வேறு இடங்களில் தேட வேண்டும். இந்தக் கட்டுரை இரண்டாவது வகைக்கு.

2. ஒரே ஒரு புரோகிராமிலா, பலவற்றிலா? ஒன்றில் மட்டும் என்றால் முதலில் அந்த புரோகிராமின் செட்டிங்கை சந்தேகப்படலாம். வீடியோ, விளையாட்டு, வரைபடம் என்று எல்லாவற்றிலும் என்றால் டிரைவரை சந்தேகப்படுங்கள்.

3. கடைசியாக எப்போது சரியாக இருந்தது, அதன் பிறகு என்ன மாறியது? புதிய சாஃப்ட்வேர் போட்டீர்களா, விண்டோஸ் அப்டேட் ஆனதா, கம்ப்யூட்டர் கடைக்குப் போய் வந்ததா?

தம்பியிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது, "வாங்குன நாள்ல இருந்தே இப்படித்தான்ணா" என்றான். இன்னொன்றும் சொன்னான். முதல் முறை திறந்தபோது ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெட்டி வந்ததாம். படிக்காமல் ஓகே கொடுத்துவிட்டானாம். நம்மில் பலர் செய்யும் தவறு இது. எச்சரிக்கைப் பெட்டி வந்தால் அதை மூடும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

ஒரு நிமிட வைத்தியம்

நேற்று வரை சரியாக இருந்து இன்று திடீரென்று படம் மறைந்தால் இந்த இரண்டையும் முதலில் செய்யுங்கள்.

விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று கீகளையும் பிடித்துக் கொண்டு பி கீயை ஒரு முறை தட்டுங்கள். திரை ஒரு கணம் இருண்டு திரும்பும். விண்டோஸ் 10, 11-ல் இது கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் ஃபைல்கள் மூடிவிடாது.

சரியாகவில்லை என்றால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதும் இதுவும் ஒன்று என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது வேலை செய்யும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உட்பகுதியும் டிரைவர்களின் நிலையும் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே எடுக்கப்படும். பழைய கோளாறும் கூடவே வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

டிரைவர் இருக்கிறதா? தேதியைப் பாருங்கள்

விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்துங்கள். சிறிய ரன் பெட்டி வரும். அதில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். டைரக்ட்எக்ஸ் டயக்னாஸ்டிக் டூல் திறக்கும். இதில் டிஸ்ப்ளே என்ற டேபுக்குப் போங்கள்.

இடது பக்கம் நேம் என்ற இடத்தில் உங்கள் கிராபிக்ஸ் சிப்பின் பெயர் இருக்க வேண்டும். இன்டெல், என்விடியா, ஏஎம்டி என்று ஏதாவது ஒரு கம்பெனி பெயருடன் மாடலும் தெரிந்தால் டிரைவர் இருக்கிறது என்று பொருள். அதற்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் அது பொது டிரைவர். விண்டோஸ் 7-ல் இதன் பெயர் ஸ்டாண்டர்டு விஜிஏ கிராபிக்ஸ் அடாப்டர்.

வலது பக்கம் டிரைவரின் தேதி இருக்கும். பொது டிரைவர் என்றால் 2006 ஜூன் 21 என்று காட்டும். போன வாரம் விண்டோஸ் போட்டிருந்தாலும் இதே தேதிதான். மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே இந்தப் பழைய தேதியை வைத்திருக்கிறது. சிப் கம்பெனி தரும் எந்த டிரைவரும் இதைவிடப் புதியதாக இருக்கும் என்பதால், விண்டோஸ் எப்போதும் கம்பெனி டிரைவருக்கே முதலிடம் தரும்.

பொது டிரைவரில் என்ன குறை? அதில் ஓட வரும் ஓப்பன்ஜிஎல் புரோகிராமுக்கு விண்டோஸ் தன் கையில் உள்ள 1.1 பதிப்பைத்தான் கொடுக்கும். அது 1990-களின் பதிப்பு. இன்றைய புரோகிராம்கள் பலவும் அதற்கு மேல் கேட்கின்றன. கிடைக்காதபோது சில புரோகிராம்கள் தவறு என்று சொல்லி மூடிக் கொள்ளும். சில கறுப்பு விண்டோவைக் காட்டிக் கொண்டு நிற்கும்.

இந்தத் திரையை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வீட்டில் சிக்னல் இல்லை. ஊருக்கு மேலே உள்ள பாறைக்குப் போய் அனுப்பினான். போட்டோவில் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர், தேதி 2006 ஜூன் 21. கிராபிக்ஸ் சிப் நன்றாகவே இருந்தது. அதற்கான டிரைவரை யாரும் போடவில்லை, அவ்வளவுதான். நெட் இருக்கும் வீட்டில் விண்டோஸ் அப்டேட் தானாகவே டிரைவரைத் தேடி எடுத்து வந்துவிடும். இவன் வீட்டில் கம்ப்யூட்டர் ஒரு நாள்கூட நெட்டைப் பார்த்தது இல்லை.

நெட் இல்லாத வீட்டுக்கு டிரைவர் கொண்டு போவது எப்படி?

நெட் உள்ளவர்களுக்கு வேலை சுலபம். லேப்டாப் அல்லது பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் கம்பெனியின் வெப்சைட்டில் மாடல் எண்ணைக் கொடுத்து டிஸ்ப்ளே டிரைவரை டவுன்லோட் செய்து போடுங்கள். விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ் அப்டேட் பகுதியில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்ற இடத்திலும் டிரைவர் காத்திருக்கலாம்.

அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் என்ன சிப் இருக்கிறது என்றே தெரியாது. அதற்கு வழி இது.

1. ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும்.

2. டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்து, உள்ளே இருப்பதை ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் கொடுக்கவும்.

3. டீடெயில்ஸ் டேபில் பிராப்பர்டி என்ற பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

4. வரும் நீண்ட வரியில் வென் என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள நான்கு எழுத்துகள் கம்பெனியைக் குறிக்கும். 8086 என்றால் இன்டெல். இன்டெல் 1978-ல் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் எண் அது. 10டிஇ என்றால் என்விடியா. 1002 என்றால் ஏஎம்டி. அடுத்து டெவ் என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள நான்கு எழுத்துகள் மாடலைக் குறிக்கும்.

இந்த வரியையும், உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் எழுதிக் கொண்டால் போதும். நெட் உள்ள எந்த இடத்திலிருந்தும் சரியான டிரைவரை எடுத்து பென்டிரைவில் கொண்டு வரலாம். தம்பி மறுபடி பாறைக்குப் போய் இந்த வரியை அனுப்பினான். நான் கள்ளக்குறிச்சியில் டவுன்லோட் செய்து கொண்டு மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

சிக்னல் கொஞ்சம் வரும் வீடு என்றால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் கம்ப்யூட்டருக்கு நெட் கிடைக்கும். ஆனால் கிராபிக்ஸ் டிரைவர் சில நூறு எம்பி வரை இருக்கும். அன்றைய டேட்டா போதுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

டிரைவரைப் போடும் முன் சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று உருவாக்கிக் கொள்ளுங்கள். டிரைவர் அப்டேட் ஆன பிறகுதான் படம் போனது என்றால், அதே பிராப்பர்டீஸ் பெட்டியில் டிரைவர் டேபில் உள்ள ரோல் பேக் டிரைவர் பட்டனை அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பி வரும்.

டிரைவர் சரி, ஆனாலும் படம் இல்லையா?

மொழியை மாற்றிப் பாருங்கள். சில புரோகிராம்களில் ஓப்பன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ் இரண்டில் எது வேண்டும் என்று நாமே சொல்லலாம். கூகுள் எர்த் ப்ரோவில் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் திறந்தால் கிராபிக்ஸ் மோட் என்ற இடத்தில் இது இருக்கும். விஎல்சி பிளேயரில் சத்தம் வந்து படம் வராவிட்டால், டூல்ஸ், பிரிஃபரன்சஸ், வீடியோ என்று போய் அவுட்புட் என்பதை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நிறுத்திப் பாருங்கள். குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்ற சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்தால் படம் வரையும் வேலையை பிராசசரே செய்யும். வேகம் குறையும். ஆனால் படம் வந்துவிட்டால் கோளாறு டிரைவரில்தான் என்பது உறுதியாகிவிடும்.

இரண்டு சிப் உள்ள லேப்டாப்பா? சில லேப்டாப்களில் பிராசசருக்குள் ஒரு கிராபிக்ஸ் சிப்பும், தனியாக ஒன்றும் இருக்கும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், எந்த புரோகிராம் எந்த சிப்பில் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். மாற்றிப் பாருங்கள்.

சிப்பே மிகப் பழையதா? புரோகிராம் கேட்கும் ஓப்பன்ஜிஎல் பதிப்பை உங்கள் சிப் தராது என்றால் எந்த டிரைவரும் உதவாது. அந்த புரோகிராமின் பழைய பதிப்பைப் பயன்படுத்துங்கள். கார்டு வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

படம் இருக்கிறது, மறைந்திருக்கிறது

வேர்டு, எக்ஸெலில் படம் காணாமல் போனால் டிரைவரைத் தேட வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு செட்டிங்தான் காரணம்.

வேர்டில் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் மட்டும் தெரிந்தால் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் ஷோ பிக்சர் பிளேஸ்ஹோல்டர்ஸ் என்பதில் டிக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.

படத்தின் ஒரு சிறு கீற்று மட்டும் தெரிந்தால் அந்தப் பாராவின் லைன் ஸ்பேசிங் எக்ஸாக்ட்லி என்று இருக்கும். அதை சிங்கிள் என்று மாற்றுங்கள்.

எக்ஸெலில் படம், சார்ட் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்துவிட்டால் கன்ட்ரோலுடன் 6 கீயைத் தட்டுங்கள். அது படங்களை மறைக்கவும் காட்டவும் உள்ள ஷார்ட்கட். கை தவறி அழுத்தியிருப்பீர்கள்.

படத்துக்குப் பதிலாக சிவப்பு எக்ஸ் குறி வந்தால், படத்தை ஃபைலுக்குள் சேர்க்காமல் லிங்க் மட்டும் கொடுத்திருக்கலாம். படம் இருந்த பென்டிரைவைக் கழற்றியவுடன் அது போய்விடும். மறுபடி இன்சர்ட் செய்யுங்கள்.

பழைய பாட சிடிக்களும் இந்த வகைதான். 2000-களில் வந்த பல கல்வி சிடிக்களில் படங்கள் ஃபிளாஷ் முறையில் செய்யப்பட்டவை. அடோபி நிறுவனம் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ல் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அது ஃபிளாஷ் படங்களைக் காட்டாமல் தடுக்கிறது. சிடி கெடவில்லை, அதைக் காட்ட ஆள் இல்லை. ரஃபிள் என்ற இலவச சாஃப்ட்வேரில் அவற்றில் பலவற்றை இன்றும் பார்க்கலாம். பழைய ஃபிளாஷ் பிளேயரைத் தருகிறோம் என்று அழைக்கும் வெப்சைட்டுகளை நம்ப வேண்டாம், வைரஸ் வரலாம்.

இவற்றைச் செய்யாதீர்கள்

* டிஎல்எல் ஃபைல் இல்லை என்று செய்தி வந்தால், அந்த ஒரு ஃபைலை மட்டும் கண்ட இடத்தில் டவுன்லோட் செய்யாதீர்கள். டைரக்ட்எக்ஸ் சம்பந்தமானது என்றால் மைக்ரோசாஃப்ட் தரும் டைரக்ட்எக்ஸ் என்ட் யூசர் ரன்டைமைப் போடுங்கள்.

* எல்லா டிரைவரையும் தானே தேடிப் போடும் என்று சொல்லும் டிரைவர் அப்டேட்டர் புரோகிராம்களைத் தவிருங்கள். தேவையற்ற பலவற்றையும் கூடவே இறக்கிவிடலாம்.

* ஃபார்மட் செய்வதை முதல் மருந்தாக எடுக்காதீர்கள். உங்கள் போட்டோக்களும் ஃபைல்களும் போகும். டிரைவர் இல்லாததுதான் காரணம் என்றால், ஃபார்மட் செய்த பிறகும் அதே கறுப்பு விண்டோதான் வரும்.

* உண்மையிலேயே சிப் கெட்டிருந்தால் அது ஒரு விண்டோவோடு நிற்பது அபூர்வம். கம்ப்யூட்டர் ஆன் ஆனவுடன், விண்டோஸ் வரும் முன்பே திரையில் கோடும் புள்ளியும் வண்ணச் சிதறலும் தெரியும். அப்படித் தெரிந்தால் தாராளமாகக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

பூமி வந்தது

வெள்ளிமலையில் இறங்கியபோது தம்பி பைக்குடன் நின்றிருந்தான். பென்டிரைவில் இருந்து டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்ய கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டைரக்ட்எக்ஸ் டூலில் இப்போது சிப்பின் உண்மையான பெயரும் வேறு தேதியும் வந்தன. படங்களை இறக்க நெட் வேண்டும். எனவே என் போனை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்து டெதரிங் கொடுத்தோம். கறுப்பாக இருந்த இடத்தில் பூமி மெதுவாக வந்து நின்றது. மலையைப் பெரிதாக்கி, ஓடையைப் பிடித்து, அதன் கரையோரமாகவே நிலத்துக்கு வந்தோம். அப்பாவை அழைத்துக் காட்டினான். அவர் கண்ணாடி போடாமலே பலா மரத்தைக் காட்டி, "இதுக்கு இந்தப் பக்கம் நம்முது" என்றார்.

பழைய ஆண்டுகளின் படங்களில் சில மிக மங்கல். மரத்தைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. திருத்திய நிலத்தின் வடிவம் மட்டும் தெரிந்தது. தேதி தெரியும்படி அவற்றை சேவ் செய்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். குழு அதை எப்படி எடுத்துக் கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. மற்ற சான்றுகளையும் சேர்த்துக் கொடு என்று மட்டும் சொன்னேன். கார்டுக்கு எடுத்து வைத்திருந்த 4,500 ரூபாய் அவன் அப்பாவின் பையிலேயே இருந்தது.

கிளம்பும் முன் டிரைவர் ஃபைலை டி டிரைவில் தனி ஃபோல்டரில் காப்பி செய்து வைத்தேன். நீங்களும் இன்றே உங்கள் கம்ப்யூட்டரில் டைரக்ட்எக்ஸ் டூலைத் திறந்து, சிப்பின் பெயரையும் டிரைவரின் தேதியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அடுத்த விண்டோஸுக்கு மாறும்போது இந்தத் தாள் உங்களுக்கு நிச்சயம் தேவைப்படும்.